ஒளிப்படக்கருவி, அச்சுப்பொறி நிறுவனங்களின் வருவாய் முறை

கேமரா எனப் பொதுவாக அழைக்கப்படும் ஒளிப்படக்கருவி, கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தப்படும் அச்சுப்பொறி ஆகியவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பலவும் கருவியைக் குறைந்த இலாபத்திற்கு விற்று, அக்கருவிக்குத் தொடர்ந்து தேவைப்படும் நுகர்பொருளின் விற்பனையிலிருந்தே வருவாயின் பெரும்பகுதியை ஈட்டி வந்துள்ளன. சில வேளைகளில் கருவி அடக்க விலைக்கும் கீழாகவே விற்கப்படுகிறது. ஒளிப்படத்துறையில் இந்நுகர்பொருள் படச்சுருளாகவும், அச்சுத்துறையில் மை, டோனர் ஆகியவற்றைக் கொண்ட கார்ட்ரிட்ஜாகவும் அமைந்தது. சவரக்கருவியையும் அதற்கான பிளேடையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, வணிகவியலில் இது சவரக்கருவி-பிளேடு முறை எனப்படுகிறது.

இம்முறையில் கருவியின் விலையும் நுகர்பொருளின் விலையும் தனித்தனியானவை அல்ல. ஒரே விலையின் இரு பகுதிகள் ஆகும். முதற்பகுதி கடையில் செலுத்தப்படுகிறது. இரண்டாம் பகுதி கருவியின் ஆயுட்காலம் முழுவதும் சிறிது சிறிதாகச் செலுத்தப்படுகிறது. நுகர்பொருளை வேறொருவரிடம் வாங்க இயலாத வரையிலேயே இம்முறை நிலைக்கும். எனவே, இத்தொழில்களின் வரலாறு பெரிதும் கருவியையும் நுகர்பொருளையும் பிணைக்கும் பூட்டுகளின் வரலாறாகவும், அப்பூட்டுகளைத் திறக்க எடுக்கப்பட்ட முயற்சிகளின் வரலாறாகவும் உள்ளது.

பொருளாதார அடிப்படை

இம்முறை வெற்றி பெறுவதற்குப் பின்வரும் நிலைமைகள் தேவைப்படுகின்றன.

1. கருவி நீண்டகாலம் உழைப்பதாகவும், நுகர்பொருள் விரைவில் தீர்வதாகவும் இருத்தல்.
2. நுகர்பொருளைப் பிறர் எளிதில் தயாரித்து விற்க முடியாதிருத்தல். காப்புரிமம், தனித்த வடிவமைப்பு, மின்னணுச் சில்லு, ஒப்பந்த நிபந்தனை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இதற்குத் துணை செய்கின்றன.
3. வாங்குபவர் தொடக்க விலையையே பெரிதாகக் கருதி, பிற்காலச் செலவைக் கணக்கிடாதிருத்தல் அல்லது கணக்கிடப் போதிய தகவல் இல்லாதிருத்தல்.

இவற்றோடு மற்றொரு பயனும் தயாரிப்பாளருக்கு உண்டு. குறைவாகப் பயன்படுத்துபவர் குறைவாகவும், மிகுதியாகப் பயன்படுத்துபவர் மிகுதியாகவும் செலுத்துவதால், நுகர்பொருள் ஒரு மின்மானியைப் போலச் செயற்படுகிறது. ஒரே கருவியை வீட்டுப் பயனருக்கும் அலுவலகத்துக்கும் விற்று, ஒவ்வொருவரிடமிருந்தும் அவரவர் பயன்பாட்டுக்கு ஏற்ற தொகையைப் பெற இது வழிசெய்கிறது. இதனால் மாணவர் ஒருவர் குறைந்த விலையில் அச்சுப்பொறி வாங்க முடிகிறது என்பது இம்முறையின் உண்மையான நன்மை ஆகும்.

அதே வேளையில் தயாரிப்பாளருக்கு இடரும் உண்டு. கருவியை இழப்பில் விற்றபின், வாங்கியவர் நுகர்பொருளைப் பிறரிடம் வாங்கினால் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. 2024 சனவரியில் எச்.பி. நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் என்ரிக் லோரஸ் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இதனை வெளிப்படையாகக் கூறினார். அச்சுப்பொறி வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தமது நிறுவனம் செய்யும் முதலீடு என்றும், அவர் போதிய அளவு அச்சிடாவிட்டாலோ தமது மையைப் பயன்படுத்தாவிட்டாலோ அது மோசமான முதலீடு என்றும் அவர் விளக்கினார்.

பெயர்க்காரணம்

இம்முறையைக் கண்டறிந்தவர் பாதுகாப்பான சவரக்கருவியை உருவாக்கிய கிங் கேம்ப் ஜில்லெட் என்று பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால், சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு இதனை மறுக்கிறது. 1904 இல் பெற்ற காப்புரிமங்கள் நடப்பில் இருந்த காலம் முழுவதும் ஜில்லெட் நிறுவனம் தன் சவரக்கருவியை 5 டாலர் என்னும் உயர்ந்த விலைக்கே விற்றது. 1921 இல் காப்புரிமங்கள் காலாவதியாகிப் போட்டியாளர் நுழைந்த பின்னரே மலிவு விலைக் கருவிகளை அது விற்கத் தொடங்கியது. மலிவான கருவி, தொடர்ந்து வாங்க வேண்டிய நுகர்பொருள் என்ற அமைப்பைப் பேரளவில் முன்னரே நடைமுறைப்படுத்திய தொழில்களுள் ஒளிப்படத்தொழில் குறிப்பிடத்தக்கது.

படச்சுருள் காலம்

கோடாக்

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888 இல் கோடாக் என்னும் ஒளிப்படக்கருவியை அறிமுகப்படுத்தினார். 100 படங்கள் எடுக்கத்தக்க சுருள் உள்ளே பொருத்தப்பட்ட இக்கருவியின் விலை 25 டாலர். படங்கள் எடுத்து முடிந்ததும் பயனர் கருவியையே அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் இருந்த தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கட்டணத்தில் படங்கள் கழுவி அச்சிடப்பட்டு, புதிய சுருள் பொருத்தப்பட்ட கருவியுடன் திரும்பி வரும். படமெடுக்கும் வேலை மட்டுமே பயனருடையது. எஞ்சிய அனைத்தும் நிறுவனத்தின் வருவாய் ஆயிற்று.

1900 இல் வெளிவந்த பிரௌனி ஒளிப்படக்கருவியின் விலை 1 டாலர் மட்டுமே. அட்டைப்பெட்டியால் ஆன இக்கருவிக்குரிய, 6 படங்களுக்கான சுருள் 15 சென்ட். ஏழு சுருள்கள் வாங்கினாலே அவற்றின் விலை கருவியின் விலையை மிஞ்சிவிடும். ஒளிப்படக்கலை செல்வரின் பொழுதுபோக்கு என்ற நிலையை மாற்றிய கருவிகளுள் இது முதன்மையானது. 1963 இல் வந்த இன்ஸ்டாமாட்டிக் வரிசை, சுருளை உறையோடு அப்படியே உள்ளே இடும் எளிய முறையைக் கொண்டு வந்து படச்சுருள் விற்பனையை மேலும் பெருக்கியது.

படச்சுருளை விற்பதோடு, அதனைக் கழுவும் பணியையும் கோடாக் தன்னிடமே வைத்திருந்தது. கோடாக்குரோம் போன்ற வண்ணச் சுருள்களின் விலையிலேயே கழுவும் கட்டணமும் சேர்க்கப்பட்டிருந்ததால், பிற நிலையங்களுக்கு அத்தொழிலில் இடமில்லாது போயிற்று. அமெரிக்க அரசு தொடர்ந்த தனியுரிமை எதிர்ப்பு வழக்கின் விளைவாக 1954 இல் ஏற்பட்ட இணக்க ஆணைப்படி, சுருளையும் கழுவும் பணியையும் தனித்தனியே விற்கவும், வண்ணச்சுருள் கழுவும் நுட்பத்தைப் பிறருக்கு உரிமம் வழங்கவும் கோடாக் ஒப்புக்கொண்டது. தனியார் கழுவு நிலையங்கள் அமெரிக்காவில் பெருக இது வழிவகுத்தது.

போலராய்டு

எட்வின் லேண்ட் நிறுவிய போலராய்டு, எடுத்த உடனே படம் தரும் ஒளிப்படக்கருவியை 1948 இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. படம் வெளிப்படுவதற்கான வேதிப்பொருட்கள் அனைத்தும் படத்தாளிலேயே அடங்கியிருந்தமையால் நுகர்பொருளின் முக்கியத்துவம் இங்கு இன்னும் கூடியது. 1972 இல் வெளிவந்த எஸ்.எக்ஸ்-70 கருவிக்கான மின்கலம்கூடக் கருவியில் இல்லை. 10 படங்கள் கொண்ட ஒவ்வொரு படப்பொதியிலும் ஒரு தட்டையான மின்கலம் வைக்கப்பட்டிருந்தது. பொதி தீர்ந்தால் கருவிக்கு மின்சாரமும் தீர்ந்தது.

கோடாக் 1976 இல் உடனடிப்படத் துறையில் நுழைந்தபோது போலராய்டு காப்புரிம மீறல் வழக்குத் தொடுத்தது. அதில் தோற்ற கோடாக் 1986 இல் அத்துறையை விட்டு வெளியேறியது. 1991 இல் 92.5 கோடி டாலர் செலுத்தியது. கோடாக்கின் உடனடிப்படக் கருவியை வாங்கியிருந்தவர்களுக்குப் படத்தாள் கிடைக்காமல் போய், கருவிகள் பயனற்றவை ஆயின. நுகர்பொருள் நின்றால் கருவியும் நின்றுவிடும் என்பதற்கு இது தெளிவான சான்று.

போலராய்டு நிறுவனமே 2001 இல் திவால் பாதுகாப்புக் கோரியது. அப்பெயரில் பின்னர் இயங்கிய நிறுவனம் 2008 இல் உடனடிப்படத் தாள் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆர்வலர் சிலர் நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் எந்திரங்களை வாங்கி, இம்பாசிபிள் புராஜெக்ட் என்னும் பெயரில் 2010 இல் மீண்டும் படத்தாள் விற்கத் தொடங்கினர். வேதிப்பொருட்கள் பல கிடைக்காமையால் அவர்கள் தாளைப் புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. சப்பானின் ஃபியூஜிஃபில்ம் நிறுவனம் 1998 இல் தொடங்கிய இன்ஸ்டாக்ஸ் வரிசையும் இதே முறையில் வருவாய் ஈட்டுகிறது.

ஒளிநகல் எந்திரம்

படச்சுருளுக்கும் அச்சு மைக்கும் இடைப்பட்ட கட்டமாக ஒளிநகல் எந்திரத்தைக் கொள்ளலாம். செராக்ஸ் நிறுவனம் 1959 இல் அறிமுகப்படுத்திய 914 எந்திரம் பெரும்பாலான அலுவலகங்களால் வாங்க இயலாத விலையுடையது. எனவே, அந்நிறுவனம் எந்திரத்தை மாத வாடகைக்கு விட்டது. குறிப்பிட்ட எண்ணிக்கை வரையிலான படிகள் வாடகையில் அடங்கும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு படிக்கும் சில சென்ட் கட்டணம். எந்திரத்தில் இருந்த எண்ணியே வருவாயை நிர்ணயித்தது. தமிழ்நாட்டில் ஒளிநகலைச் 'செராக்ஸ்' என்றே மக்கள் குறிப்பிடும் அளவுக்கு அப்பெயர் பரவியது.

அச்சுப்பொறிகள்

தொழில்நுட்பமும் கார்ட்ரிட்ஜும்

மையைச் சூடாக்கி, அதில் உண்டாகும் குமிழின் அழுத்தத்தால் துளிகளைத் தாளின்மீது வீசும் நுட்பத்தைக் கேனன், ஹியூலெட்-பாக்கார்டு (எச்.பி.) ஆகிய நிறுவனங்கள் 1970களின் இறுதியில் தனித்தனியே கண்டறிந்தன. 1984 இல் எச்.பி. வெளியிட்ட திங்க்ஜெட் அச்சுப்பொறியில், மையும் அதனை வீசும் அச்சுத்தலையும் ஒரே கார்ட்ரிட்ஜில் அமைந்திருந்தன. இதன் பொறியியற் காரணம் நியாயமானதே. அச்சுத்தலையின் நுண்துளைகள் அடைபடும் இயல்புடையவை; மை தீரும்போது தலையும் மாற்றப்பட்டால் பழுது குறையும். எனினும், எளிய மைக்குப்பியாக இருந்திருக்க வேண்டிய ஒன்று காப்புரிமங்கள் நிறைந்த மின்னணு உறுப்பாக மாறியதால், பிறர் அதனைத் தயாரிப்பது கடினமாயிற்று. எப்சன் நிறுவனம் வெப்பத்திற்குப் பதிலாக அழுத்தமின் படிகத்தைப் பயன்படுத்தி, அச்சுத்தலையை அச்சுப்பொறியிலேயே நிலையாகப் பொருத்தியது. அத்தகைய அச்சுப்பொறிகளுக்கான கார்ட்ரிட்ஜ் மையை மட்டும் கொண்டது.

தொடக்கத்தில் அச்சுப்பொறிகள் மலிவானவை அல்ல. திங்க்ஜெட்டின் விலை 495 டாலர். 1990களில் வீட்டுக் கணினிகள் பரவி, போட்டி மிகுந்தபோதுதான் கருவியின் விலை வேகமாகச் சரிந்து, இலாபம் மைக்கு இடம்பெயர்ந்தது.

விலைக் கணக்கு

மையின் விலையைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கைக் கருதலாம். 6 மில்லிலிட்டர் மை கொண்ட கார்ட்ரிட்ஜின் விலை 900 ரூபாய் எனில், ஒரு லிட்டர் மையின் விலை 1,50,000 ரூபாய் ஆகிறது. எனினும், லிட்டர் கணக்கு முழுமையான அளவுகோல் அன்று. ஒரு பக்கம் அச்சிட எவ்வளவு செலவாகிறது என்பதே வாங்குபவருக்குப் பயன்படும் அளவுகோல் ஆகும்.

அச்சுப்பொறி 'அ': கருவியின் விலை 3,000 ரூபாய், 200 பக்கங்கள் தரும் கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய், ஒரு பக்கத்திற்கு 4.50 ரூபாய்.

அச்சுப்பொறி 'ஆ': கருவியின் விலை 12,000 ரூபாய், 4,000 பக்கங்கள் தரும் மைக்குப்பி 400 ரூபாய், ஒரு பக்கத்திற்கு 0.10 ரூபாய்.

இரண்டின் மொத்தச் செலவும் ஏறத்தாழ 2,050 பக்கங்களில் சமமாகின்றன. மாதம் 200 பக்கங்கள் அச்சிடுபவருக்கு 'ஆ' பதினொரு மாதங்களுக்குள் இலாபகரமாகிவிடும். மாதம் 20 பக்கங்கள் மட்டுமே அச்சிடுபவருக்கு அந்நிலை வர எட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அவருக்கு 'அ' போதுமானது. 5,000 பக்கங்களின் முடிவில் 'அ' வுக்கு 25,500 ரூபாயும், 'ஆ' வுக்கு 12,500 ரூபாயும் செலவாகியிருக்கும். இக்கணக்கில் தாளின் விலை சேர்க்கப்படவில்லை.

இவ்வாறு ஒப்பிடுவதற்குப் பக்க எண்ணிக்கை ஒரே முறையில் அளக்கப்பட வேண்டும். கறுப்பு வெள்ளை டோனர் கார்ட்ரிட்ஜுக்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 19752 என்னும் அனைத்துலகச் சீர்தரம் 2004 இல் வெளியானது. அதன் பின்னர் வண்ண மை கார்ட்ரிட்ஜுக்கு 24711 என்னும் சீர்தரம் வந்தது. எனினும், அச்சுத்தலையைத் தூய்மைப்படுத்தச் செலவாகும் மை, நெடுநாள் பயன்படுத்தாததால் உலர்ந்துபோகும் மை ஆகியவற்றால் நடைமுறையில் கிடைக்கும் பக்கங்கள் குறையலாம். புதிய அச்சுப்பொறியுடன் வரும் தொடக்கக் கார்ட்ரிட்ஜில் வழக்கமான அளவை விடக் குறைவான மை இருப்பதும் உண்டு.

பூட்டும் திறவுகோலும்

தீர்ந்த கார்ட்ரிட்ஜில் ஊசி மூலம் மை நிரப்பும் கடைகள் தமிழ்நாடு உட்பட உலகின் பல பகுதிகளிலும் தோன்றின. ஒத்தியல்பான கார்ட்ரிட்ஜ்களைத் தயாரிக்கும் நிறுவனங்களும் பெருகின. இதற்கு எதிராக, அச்சுப்பொறித் தயாரிப்பாளர்கள் கார்ட்ரிட்ஜில் சில்லுகளைப் பொருத்தினர். சில்லு, மையின் அளவைக் கணக்கிடுவதோடு அக்கார்ட்ரிட்ஜ் தமது நிறுவனத்தினுடையதுதானா என்பதையும் அச்சுப்பொறிக்குத் தெரிவிக்கிறது.

இணையம் வழியாக நிலைபொருளை இற்றைப்படுத்தும் வசதி இப்பூட்டைப் பின்னாளிலும் மாற்ற வழிசெய்தது. 2016 செப்டம்பரில் எச்.பி. அச்சுப்பொறிகள் சிலவற்றில், அதுவரை இயங்கி வந்த பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்கள் திடீரென மறுக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததால், அத்தடையை நீக்கும் நிலைபொருளை விரும்பியோருக்கு வழங்க எச்.பி. முன்வந்தது. இது தொடர்பான அமெரிக்க வழக்கு 2018 இல் 15 இலட்சம் டாலர் இணக்கத்தில் முடிந்தது. இத்தகைய கட்டுப்பாடுகளைப் பயனருக்குத் தெளிவாகத் தெரிவிக்கவில்லை என்பது முதலிய காரணங்களுக்காக, இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 திசம்பரில் எச்.பி. மீது 1 கோடி யூரோ தண்டம் விதித்தது. பாதுகாப்பு, அச்சுத் தரம், அறிவுசார் சொத்துரிமை ஆகியவற்றைக் காப்பதற்கே இக்கட்டுப்பாடுகள் என்பது தயாரிப்பாளர்களின் வாதம் ஆகும்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

விற்ற பொருளின்மீது விற்றவருக்கு எவ்வளவு உரிமை எஞ்சியிருக்கிறது என்னும் கேள்வியே இவ்வழக்குகளின் மையம் ஆகும். நாட்டுக்கு நாடு விடை வேறுபட்டுள்ளது.

* 1992: கோடாக் தன் ஒளிநகல் எந்திரங்களின் உதிரிப்பாகங்களைத் தனிப் பழுதுபார்ப்போருக்கு விற்க மறுத்த வழக்கில், எந்திரச் சந்தையில் போட்டி இருப்பதால் மட்டும் உதிரிப்பாகச் சந்தையில் ஆதிக்கம் இல்லை என்று கொள்ள முடியாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது.
* 2004: கார்ட்ரிட்ஜ் சில்லின் நிரலுக்குப் பதிப்புரிமை கோரி, மாற்றுச் சில்லு தயாரித்த ஸ்டாட்டிக் கன்ட்ரோல் நிறுவனத்தைத் தடுக்க லெக்ஸ்மார்க் முயன்றது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் லெக்ஸ்மார்க்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.
* 2007: கேனன் கார்ட்ரிட்ஜ்களைக் கழுவி மை நிரப்பி விற்ற ரீசைக்கிள் அசிஸ்ட் நிறுவனம் காப்புரிமத்தை மீறியது என்று சப்பானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறு செய்தல் பழுதுபார்த்தல் அன்று, புதிய பொருளை உருவாக்குதலுக்கு ஒப்பானது என்பது அதன் கருத்து.
* 2017: இம்பிரஷன் புராடக்ட்ஸ் - லெக்ஸ்மார்க் வழக்கில், காப்புரிமம் பெற்ற பொருளை விற்றவுடன் அதன்மீதான காப்புரிம உரிமை தீர்ந்துவிடுகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. மறுமுறை நிரப்பக்கூடாது என்ற நிபந்தனையுடன் விற்றாலும் இது பொருந்தும்.

பின்னதன் விளைவாக, அமெரிக்காவில் காப்புரிமம் என்னும் பூட்டு வலுவிழந்தது. சில்லு, நிலைபொருள், ஒப்பந்தம் ஆகியவற்றின் முக்கியத்துவம் கூடியது.

மாற்று முறைகள்

கோடாக்கின் முயற்சி: கோடாக் 2007 இல் மைபீச்சு அச்சுப்பொறித் தொழிலில் நுழைந்து, கருவியைச் சற்றுக் கூடுதல் விலைக்கும் மையைக் குறைந்த விலைக்கும் விற்றது. படச்சுருளால் ஒரு நூற்றாண்டு வாழ்ந்த நிறுவனம் அதே முறைக்கு எதிர்முறையைக் கையாண்டது குறிப்பிடத்தக்கது. எனினும், 2012 இல் வீட்டு அச்சுப்பொறி விற்பனையிலிருந்து விலகுவதாக அது அறிவித்தது.

மைத்தொட்டி: இந்தோனேசியா போன்ற நாடுகளில் பயனர்கள் பிறர் தயாரித்த பெரிய மைத்தொட்டிகளைக் குழாய் வழியாக அச்சுப்பொறியுடன் இணைத்துக்கொண்டனர். இதனைத் தடுப்பதற்கு மாறாக, எப்சன் 2010 இல் மைத்தொட்டி உள்ளமைந்த அச்சுப்பொறிகளை முதன்முதலில் இந்தோனேசியாவில் விற்கத் தொடங்கியது. இலாபம் கருவியின் விலையிலேயே சேர்க்கப்பட்டது. மை குப்பிகளில் மலிவாக விற்கப்பட்டது. பின்னர் கேனன், எச்.பி. ஆகியனவும் இவ்வகை அச்சுப்பொறிகளை வெளியிட்டன.

சந்தா: எச்.பி. 2013 இல் தொடங்கிய இன்ஸ்டன்ட் இங்க் திட்டத்தில் பயனர் மைக்கு அன்றி, மாதந்தோறும் அச்சிடும் பக்கங்களுக்குக் கட்டணம் செலுத்துகிறார். சந்தா நின்றால், கார்ட்ரிட்ஜில் மை எஞ்சியிருந்தாலும் அது இயங்காது. 2024 இல் அமெரிக்காவில் அச்சுப்பொறியையே வாடகைக்கு விடும் திட்டமும் தொடங்கப்பட்டது. இது 1959 ஆம் ஆண்டின் செராக்ஸ் முறையை ஒத்தது.

எண்ணிம ஒளிப்படக்கருவி

கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975 இல் எண்ணிம ஒளிப்படக்கருவியின் முன்மாதிரியை உருவாக்கினார். படச்சுருளே தேவைப்படாத இக்கருவி கோடாக்கின் வருவாய் ஊற்றையே அடைக்கக்கூடியது. இங்கு பூட்டு உடைக்கப்படவில்லை. பூட்டப்பட்ட பொருளே தேவையற்றதாயிற்று. கோடாக் 2012 சனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி, 2013 இல் அதிலிருந்து மீண்டது. அதன் போட்டியாளரான ஃபியூஜிஃபில்ம், படச்சுருள் தயாரிப்பில் பெற்ற வேதியியல் அறிவைத் திரைப்படலங்கள், மருந்துகள், ஒப்பனைப் பொருட்கள் முதலியவற்றுக்குப் பயன்படுத்தி நிலைபெற்றது.

படச்சுருளின் இடத்தில் நினைவக அட்டையை வைக்கும் முயற்சிகள் நடந்தன. சோனியின் மெமரி ஸ்டிக் (1998), ஒலிம்பசு, ஃபியூஜிஃபில்ம் ஆகியவற்றின் எக்ஸ்டி அட்டை (2002) ஆகியன தத்தம் கருவிகளுக்கு உரியனவாக இருந்தன. ஆனால், பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட எஸ்டி அட்டை இவற்றை வென்றது. மேலும், ஒரே அட்டையைப் பல்லாயிரம் முறை பயன்படுத்தலாம் என்பதால் அது நுகர்பொருளாக அமையவில்லை.

இதனால், லென்ஸ் மாற்றத்தக்க ஒளிப்படக்கருவிகளில் லென்ஸ் விற்பனை முக்கிய இடம் பெற்றது. பல நிறுவனங்கள் தமக்கெனத் தனிப் பொருத்துவாயைக் கொண்டுள்ளன. நிக்கானின் எஃப் பொருத்துவாய் 1959 இலும், கேனனின் இ.எஃப். பொருத்துவாய் 1987 இலும் வந்தன. பல லென்ஸ்களை வாங்கிய ஒருவர் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அனைத்தையும் புதிதாக வாங்க நேரிடும். லென்ஸ் தீர்ந்துபோவதில்லை, ஆயினும் வாங்கியவரை அது பல ஆண்டுகள் பிணைத்து வைக்கிறது. சோனி தன் இ-பொருத்துவாயின் விவரங்களை 2011 இல் பிற தயாரிப்பாளர்களுக்குத் திறந்தது. கேனன் 2018 இல் வந்த தன் ஆர்.எஃப். பொருத்துவாயை நெடுநாள் மூடியே வைத்திருந்து, 2024 இல் சிக்மா, டாம்ரான் நிறுவனங்களுக்குச் சிறிய உணரிக்குரிய தன்னியக்கக் குவிய லென்ஸ்களுக்கு மட்டும் உரிமம் வழங்கியது.

திறன்பேசிகளின் வரவால் இத்தொழில் பெரிதும் சுருங்கியது. சப்பானியத் தொழில்துறைக் கூட்டமைப்பான சிபாவின் கணக்குப்படி, 2010 இல் ஏறத்தாழ 12 கோடி எண்ணிம ஒளிப்படக்கருவிகள் அனுப்பப்பட்டன. 2020 இல் அவ்வெண்ணிக்கை 89 இலட்சம் அளவுக்குக் குறைந்தது. பல நிறுவனங்கள் மலிவுக் கருவிகளைக் கைவிட்டு, விலையுயர்ந்த கருவிகளிலும் லென்ஸ்களிலும் கவனம் செலுத்தின. திறன்பேசிகளுக்கு ஒளிப்பட உணரிகளை விற்பதன் மூலம் சோனி அந்த மாற்றத்திலிருந்தும் வருவாய் பெறுகிறது.

விமர்சனங்கள்

நுகர்வோர் அமைப்புகள் இம்முறையில் உண்மையான செலவு மறைக்கப்படுகிறது எனக் குறை கூறுகின்றன. புதிய கார்ட்ரிட்ஜ் தொகுதியின் விலை புதிய அச்சுப்பொறியின் விலையை நெருங்கும்போது, இயங்கும் அச்சுப்பொறிகளே குப்பையாக எறியப்படுகின்றன என்பது சுற்றுச்சூழல் சார்ந்த குறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு நெறியுறுத்தல், மறுபயன்பாட்டைத் தடுக்கும் வகையில் கருவிகளை வடிவமைப்பதை உறுப்பு நாடுகள் கட்டுப்படுத்த வேண்டும் எனக் கோரியது.

மறுபுறம், கருவியின் விலை குறைந்ததாலேயே ஒளிப்படமும் அச்சும் எளியோர் வீடுகளை அடைந்தன என்பதும், மலிவான ஒத்தியல்பு மைகள் சிலவற்றில் நிறம் விரைவில் மங்குதல், அச்சுத்தலை அடைபடுதல் போன்ற குறைகள் உண்டு என்பதும் கருதத்தக்கவை. ஒரு பக்கத்திற்கான செலவும், நிறுவனம் ஆதரவை நிறுத்தினால் கருவி இயங்குமா என்பதும் வாங்கும்போதே தெரிந்திருந்தால், இரு தரப்பு வாதங்களையும் வாங்குபவர் தாமே எடைபோட முடியும்.

இவற்றையும் பார்க்க

* மைபீச்சு அச்சுப்பொறி
* ஜார்ஜ் ஈஸ்ட்மன்
* காப்புரிமம்
* தனியுரிமை எதிர்ப்புச் சட்டம்
* மின்னணுக் கழிவு